மேட்டில் பின்வாங்கிய கார்

என் கணவர் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றுவிட்டார் என்று ஊர் சொல்லும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கீழே சாலையில் எவனாவது கரகரவென்று கியரை மாற்றினால், எச்சில் கையோடு ஜன்னல்வரை போய்ப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு வருகிற மனிதர் எதிலிருந்து ஓய்வு பெற்றாராம்?

நான் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் மைக்ராஸ்கோப்புக்குள் கண்ணை வைத்துக் கம்ப்யூட்டர் சில்லுகளில் குறை தேடியவள். தொழிற்சாலையை இங்கே நாங்கள் கிலாங் என்போம். என்னைக் கிலாங்குக்கு ஏற்றிப்போன பஸ்ஸை ஓட்டியவர்தான் இவர். பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லாரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் நான் மட்டும் அந்த அண்ணேயைச் சேர்க்காமல், "இங்க நிறுத்துங்க" என்றேன். பஸ்ஸே சிரித்தது. அவ்வளவுதான் எங்கள் காதல் கதை. மிச்சத்தைப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள்.

அந்த நாட்களில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. வேலை முடிந்து திரும்பும்போது நாங்கள் ஒருவர் விடாமல் தூங்கிவிடுவோம். அதைக் கண்ணாடியில் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை அதைப் பற்றிக் கேட்டேன். "ஆளு தூங்குனாதான் டிரைவருக்கு சர்ட்டிபிகேட். பயந்துக்கிட்டு இருந்தா தூக்கம் வருமா?" என்றார். ஆனால் அவர் மட்டும் வேறு யார் ஓட்டிய வண்டியிலும் கண்ணை மூடியதே இல்லை. சொந்த மகன் ஓட்டினாலும் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்து, வெறும் தரையில் பிரேக் மிதித்துக்கொண்டே வருவார். மகன் ஜொகூரில் வேலை தேடிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் கேலி செய்வதுண்டு.

இப்படிப்பட்டவருக்குத்தான் கண்ணில் கோளாறு வந்தது. வேலைக்குப் போன காலமெல்லாம் கண்ணைக் கசக்கிப் பிழைத்தவள் நான். எனக்கு ஒன்றும் இல்லை. அவருக்குக் கண்ணில் அழுத்தம் கூடி, ஓரப் பார்வை சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்குத் தெரியவந்தபோது இடது பக்கம் ஏறக்குறைய இல்லை. சொட்டு மருந்து போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது போனதுதான், இனி வண்டி ஓட்டவே வேண்டாம் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இவர் அதைவிடப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கீழே வந்து, காரைத் திறந்து, ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தார்.

"இப்பதானே டாக்டர் சொன்னாங்க?" என்றேன்.

"நேரா தெரியுதுல்ல. நான் என்ன பக்கவாட்டுலயா ஓட்டப் போறேன்?"

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ரகம். மகனைப் போனில் பேசச் சொன்னேன். வாடகைக் காரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் அப்பா, இப்போது எல்லாரும் அப்படித்தானே போகிறார்கள் என்று அவன் சொன்னான். எவனோ ஒரு பையன் போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவான், அதில் நான் ஏறுவேனா என்று இவர் சொன்னார். சாவியை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். அவரிடம் இன்னொரு சாவி இருந்தது. கத்தினேன், பேசாமல் இருந்தேன், குழம்பில் உப்பைக்கூடக் குறைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் என் தொல்லை பொறுக்காமல் ஒரு வாக்குக் கொடுத்தார். "சரிலா. வீட்டுல ஒரு டிரைவர் வேணும்தானே? நீ போயி லைசென்ஸ் எடு. எடுத்த அன்னிக்கே சாவிய உன் கையில குடுத்துடறேன். அதுக்கப்புறம் நான் தொடமாட்டேன்."

அவர் ஏன் அவ்வளவு தாராளமாகச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். நான் ஐம்பதைத் தாண்டியவள். சைக்கிள்கூட ஓட்டியதில்லை. கிலாங் பஸ், அவருடைய மோட்டார் சைக்கிள், பிறகு அவருடைய கார் என்று வாழ்க்கை முழுவதும் யாரோ ஓட்ட உட்கார்ந்து போனவள். இவள் லைசென்ஸ் எடுப்பதற்குள் தனக்கே ஓட்டி அலுத்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கு எனக்குப் புரிந்ததால் வந்த கோபத்தில்தான் மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் போய்ப் பெயர் கொடுத்தேன்.

சொல்லிக் கொடுக்க வந்தவர் ஒரு மலாய்க்காரப் பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர் இருப்பார். என்னைக் காக் என்று, நாம் அக்கா என்பது போல, கூப்பிடுவார். நான் காரை எங்கே இடிக்கப் போனாலும் பதறாமல் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே, "பெலான்-பெலான், காக்" என்பார். மெதுவாக, மெதுவாக. அவரிடம் நான் கற்றுக்கொண்ட முதல் நல்ல விஷயம் அந்தக் குரல்தான்.

சாலையில் ஓட்டுவது எனக்குச் சீக்கிரமே பிடிபட்டது. பக்கவாட்டில் நிறுத்துவதும் வந்துவிட்டது. சில்லில் மயிரிழைக் குறையைக் கண்டுபிடித்தவளுக்கு இரண்டு கம்பத்துக்கு நடுவில் ஒரு காரை நுழைக்கத் தெரியாதா? வராதது ஒன்றே ஒன்றுதான். மேடு. தேர்வுத் திடலில் ஒரு செயற்கை மேடு இருக்கும். அதில் ஏறி, மஞ்சள் கோட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பிறகு ஓரடிகூடப் பின்னால் உருளாமல் மறுபடி கிளம்ப வேண்டும். கிளட்சை இடது கால் மெல்ல விடும்போதே வலது கால் எண்ணெயை, அதாவது ஆக்சிலேட்டரை, அமுக்க வேண்டும். என் கால்கள் இரண்டும் மாமியாரும் மருமகளும் போல. ஒன்று செய்வதை மற்றது கேட்காது. எஞ்சின் செத்துப்போகும், இல்லாவிட்டால் கார் பின்னால் வரும்.

எங்கள் கார் கியர் கார் என்பதால் நானும் கியர் லைசென்ஸ்தான் எடுத்தாக வேண்டும். கியர் தானாக மாறும் ஆட்டோ கார் என்கிற பேச்சை ஆரம்பத்திலேயே இவர் வெட்டிவிட்டார். "ஆட்டோ லைசென்ஸ் எல்லாம் ஒரு லைசென்ஸா? அது பொம்ம காடி. அத எடுத்துட்டு நம்ம காடிய எப்படி ஓட்டுவ?" காரை நாங்கள் காடி என்றுதான் சொல்வோம். அந்தப் பேச்சு எனக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. கியரிலேயே எடுத்துக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சபதம் போட்டேன்.

அதுவரைக்கும் அவர் ஓட்டினார். நான் அவருடைய இடது கண்ணாக உட்கார்ந்து போனேன். "இடதுல மோட்டார்." "இடதுல லாரி வருது." "ஒரு அம்மா ரோட்டக் கடக்கிறாங்க, நில்லுங்க." பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய் வருவதற்குள் தொண்டை வறண்டுவிடும். எனக்குப் பயம். அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்பதைவிட, யார் வீட்டுப் பிள்ளையையாவது இவர் இடித்துவிட்டு, அதற்குப் பிறகும் உயிரோடு இருக்க வேண்டியிருக்குமே என்கிற பயம். வருஷக்கணக்காக ஒரு பஸ் நிறைய பெண்களைக் கீறல் இல்லாமல் வீடு சேர்த்தவர் அதைத் தாங்கவே மாட்டார்.

முதல் தேர்வுக்குப் போன காலையில் இவரே கோயிலுக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். சாமி காலடியில் வைத்து எடுத்த பழம், முன்னால் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொள் என்றார். என்ன இருந்தாலும் புருஷன் ஆசையோடு கொடுத்தது என்று அப்படியே வைத்தேன். தேர்வுத் திடலில் காருக்குள் நாம் மட்டும்தான். அதிகாரி வெளியே நின்று பார்ப்பார். மேட்டில் ஏறினேன். மஞ்சள் கோட்டில் நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கை எடுக்கும்போது காருக்கு ஒரு சின்னக் குலுக்கல். பழம் உருண்டு, கீழே விழுந்து, நேராக என் காலடிக்கு வந்தது. பிரேக்குக்கு அடியில் போய்விடுமோ என்று நான் குனிந்து தேட, சாமி பழத்தோடு சேர்ந்து கார் சாவகாசமாகப் பின்னால் இறங்கியது.

அந்தக் கதையைக் கேட்டு இவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டாவது முறை எலுமிச்சை இல்லை, சாமி இல்லை, வெறும் நானும் கிளட்சும்தான். எஞ்சின் செத்தது. அன்று இவர் சிரிக்கவில்லை. பரவாயில்லை, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று முதுகில் தட்டி, எனக்குப் பிடித்த மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். அந்த அன்பில் கொஞ்சம் நிம்மதியும் கலந்திருந்தது. எனக்கு அது தெரியாமல் இல்லை. என் ஒவ்வொரு தோல்வியும் அவருக்கு இன்னும் சில மாதச் சாவி.

பக்கத்து வீட்டம்மா அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று தைரியம் சொன்னார். அம்மி நகரும், சரி. என் கார் பின்னால் அல்லவா நகர்கிறது? மலாய்க்காரப் பெண் மட்டும் விதையைக் கொறிப்பதை நிறுத்திவிட்டு, ஆட்டோவுக்கு மாறிக்கொள்ளுங்கள் காக், அதில் கிளட்சே கிடையாது, உங்களுக்கு ஓட்டத் தெரியும் என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு விட்டுவிடுவதா என்று கேட்டேன். மூன்றாவது முறையும் பணம் கட்டினேன். மூன்றாவது முறையும் மேடுதான் ஜெயித்தது.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, தாசேக் கெலுகோரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். கடல் பாலத்தைத் தாண்டி வடக்கே போக வேண்டும். வழக்கம்போல இவர் ஓட்ட, நான் இடது கண். திரும்பும்போது அக்கா ஒரு பெரிய டப்பாவில் கோழிக்கறி கட்டிக் கொடுத்தாள். அதைக் காலடியில் வைத்திருந்தேன். செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் சின்னச் சாலையில் ஒரு முச்சந்தி. கார் திரும்ப ஆரம்பித்தபோது டப்பா சாய்ந்தது. மூடி திறந்துவிடப் போகிறதே என்று நான் குனிந்தேன்.

ஹாரன் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். கத்தினேன். இவர் பிரேக்கை அழுத்தினார். இடது பக்கச் சாலையில் இருந்து வந்த ஒரு மோட்டார், எங்கள் கார் மூக்கில் இடிக்காமல் வளைந்து, ஓரத்துப் புல்லில் ஏறி நின்றது. ஓட்டி வந்தவள் ஓர் இளம்பெண். பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. இரண்டு பேரும் விழவில்லை. அந்தப் பெண் காலை ஊன்றி, முதலில் மகளின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி எங்களைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

இவர் காரை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தினார். காரெல்லாம் கோழிக்கறி வாசனை.

"நான் பாக்காம இல்ல" என்றார். பிறகு, "பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அங்க ஒண்ணும் இல்ல. எனக்கு அங்க ரோடு காலியா இருந்துச்சு" என்றார்.

சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மூடினார். எத்தனை மாதமாக நான் சண்டை போட்ட சாவி. அதை வாங்கி நான் என்ன செய்வது? என்னிடம் இருந்தது கற்றுக்கொள்பவருக்கான அட்டைதான். சொல்லிக் கொடுப்பவர் பக்கத்தில் இல்லாமல் ஓட்டக்கூடாது. நல்ல கண் உள்ளவளுக்கு லைசென்ஸ் இல்லை, லைசென்ஸ் உள்ளவருக்குக் கண் இல்லை. பட்டப்பகலில் சாலை ஓரத்தில் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். போன் செய்ததும் அக்கா வீட்டுக்காரர் வந்து, எங்கள் காரிலேயே எங்களைப் பினாங்குக்குக் கொண்டுவந்து விட்டார். இவர் பின் இருக்கையில் உட்கார்ந்தார். பாலத்தில் வரும்போது திரும்பிப் பார்த்தேன். தரையில் பிரேக் மிதிக்கவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வாக்குப்படி நான் லைசென்ஸ் எடுத்த பிறகுதான் அவர் சாவி கொடுத்திருக்க வேண்டும். முன்னதாகவே கொடுத்துவிட்டார். இப்போது வீட்டில் ஒரு கார் இருந்தது, டிரைவர் இல்லை. சொட்டு மருந்து வாங்க பஸ்ஸில் போய் வந்தார். பஸ் டிரைவர் வளைவில் எப்படித் திருப்பினான் என்று குறைகூட வந்து சொல்லவில்லை. நான் சாமி படத்துக்குக் கீழே தொங்கிய சாவியைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். நான் எதற்காக இந்த வண்டியில் ஏறினேன்? அவரை அந்த இருக்கையில் இருந்து இறக்க. நடுவில் எப்போது அது கிளட்சோடு போடும் மல்லுக்கட்டாக மாறியது? விடக்கூடாதது ஒன்று இருந்தது. அதனோடு சேர்த்து, விட்டிருக்க வேண்டிய இன்னொன்றையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பெயர் விடாமுயற்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் அந்த மூன்றாவது பெடலை என்னிடம் கேட்டவர் யார்? இவர்தான். அவருக்கே இப்போது அது வேண்டாம்.

அன்று சாயங்காலம் தேநீர் கொடுக்கும்போது சொன்னேன். "நான் ஆட்டோவுக்கு மாறிக்கிறேங்க. கிளட்ச் எனக்கு வராது."

பொம்மைக் காடி என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"மாறிக்கோ" என்றார். "நான் ஓட்டுறதையே விட்டுட்டேன். நீ ஒரு பெடல விட்டா என்ன?"

அவர் அதைச் சொன்னதும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. பெரிய சுமையை இறக்கியதுபோல் அன்று இரவு இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

மறுவாரம் பழைய காரை அவரே கீழே போய்க் கழுவித் துடைத்து வைத்திருந்தார். அவருக்குப் பழக்கமான பட்டறைக்காரச் சீனர் வந்து அதை விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். அது முனை திரும்பும்வரை இவர் நின்றுவிட்டு மேலே வந்தார். சில நாளில் அந்த இடத்தில் ஒரு சின்ன, பழைய ஆட்டோ கார் வந்து நின்றது. கூரையில் நிறம் மங்கியிருந்தது. "எஞ்சின் நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஆட்டோவுக்கும் அதே மேடுதான். ஏறினேன், நிறுத்தினேன், ஹேண்ட் பிரேக்கை எடுத்தேன், எண்ணெயை அமுக்கினேன். கார் முன்னால் போனது. அவ்வளவுதான். இவ்வளவு நாள் என்னை அழவைத்த மேடு இதுதானா என்று இருந்தது. இறங்கிவந்ததும் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதேன். நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்து அழுகிறேன் என அதிகாரி பயந்துபோய் ஓடிவந்தார். "லூலுஸ், காக், லூலுஸ்" என்று கண்ணாடியைத் தட்டினார். தேறிவிட்டீர்கள் அக்கா, தேறிவிட்டீர்கள். தெரியும் தம்பி, அதனால்தான் அழுகிறேன் என்று தமிழிலேயே சொன்னேன். சாலைத் தேர்வும் அன்றே முடிந்தது.

பிள்ளையார் கோயிலில் காருக்குப் பூசை போட்டோம். நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஐயர் தட்டில் இருந்த சாவியை எடுத்து, வழக்கப்படி ஆம்பிளையிடம் நீட்டினார். இவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "டிரைவர் இவங்கதான் சாமி" என்று என்னிடம் கொடுத்தார். காரை முன்னால் எடுத்தேன். நான்கு பழமும் நசுங்கின. இந்த முறை எலுமிச்சை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. புது ஓட்டுநர் என்று காட்டும் சிவப்பு 'பி' வில்லையைக் கோணல் இல்லாமல் பார்த்துப் பார்த்து ஒட்டியவரும் இவர்தான். நரைத்த தலைக்கு முன்னால் அந்த வில்லையைப் பார்த்து ஒரு மோட்டார்க்காரப் பையன் சிரித்தான். சிரிக்கட்டும்.

முதல் நீண்ட பயணம் அக்கா வீட்டுக்குத்தான். கீழே வந்ததும் இவர் கால் தன்னால் வலது பக்கக் கதவுக்குப் போனது. கைப்பிடியைத் தொட்டவர், ஒரு கணம் நின்று, முன்னால் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் ஏறினார். பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கிலாங் பஸ்ஸில் ஏறும் பெண்கள் போல, "போவோமாக்கா?" என்றார்.

ஊரைத் தாண்டும்வரை அவர் வலது கால் தரையில் பிரேக் மிதித்துக்கொண்டே வந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. பாலத்தில் ஏறியதும் பக்கத்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டு வந்தது. மலாய்க்காரப் பெண்ணின் குரலில் பெலான்-பெலான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லாரி கடந்து போனது. எப்படி, நன்றாக ஓட்டுகிறேனா என்று இவரைக் கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அதற்கும் இல்லை. என்னத்தைக் குறை கண்டுபிடித்தாரோ என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன்.

தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கால் தளர்ந்து கிடந்தது. தூங்கிவிட்டிருந்தார்.

அக்கா வீடு வரைக்கும் எழுப்பவில்லை.